இரும்புக் கூரையும் ஆடிக் காற்றும்

கொங்கு நாட்டில் உழவருக்கு மாட்டுக் கொட்டகையும், நெசவாளருக்குத் தறிக்கூடமும் பிழைப்பின் ஆதாரங்கள். கறவை மாடு நிற்பதும், மஞ்சள் மூட்டை அடுக்கப்படுவதும், தறி ஓடுவதும் ஒரு கூரையின் நிழலிலேதான். அந்தக் கூரையின் அமைப்பு ஒரு தலைமுறைக் காலத்தில் அடியோடு மாறிவிட்டது. முன்னர்க் கல்தூண் நட்டு, பனை உத்தரமும் பனங்கைகளும் ஏற்றி, கீற்றோ ஓடோ வேய்ந்தனர். இப்போது இரும்புக் குழாய்த் தூணும், ஆங்கிள்களை முக்கோண வடிவில் இணைத்த டிரஸ்ஸும், தகடும் அவற்றின் இடத்தைப் பெற்றுள்ளன.

இம்மாற்றத்திற்குத் தக்க காரணங்கள் உண்டு. வைரம் பாய்ந்த பனை கிடைப்பது அரிதாயிற்று. மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என்று தமிழக அரசு 2021-ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. இரும்பைச் செல் அரிப்பதில்லை. நடுவில் தூண் இல்லாமலே 20 அடி, 30 அடி அகலத்தை டிரஸ் எளிதில் தாண்டும். ஆதலின் டிராக்டர் உள்ளே திரும்பவும், தறிகளை வரிசையாக நிறுத்தவும் இடம் கிடைக்கிறது. இவையெல்லாம் நன்மைகளே. ஆயினும், பழைய கூரையில் நாம் கேளாமலே கிடைத்து வந்த ஒரு பாதுகாப்பு இக்கூரையில் இல்லை என்பதை அங்கத்தினர் அறிந்துகொள்ள வேண்டும்.

பளுவே பாதுகாப்பாய் இருந்த காலம்

மங்களூர் ஓடு வேய்ந்த கூரை, ரீப்பருடன் சேர்த்துச் சதுர அடிக்கு ஏறக்குறைய 6 கிலோ எடையுள்ளது. உத்தரமும் பனங்கையும் இதற்கு மேல். இப்பளுவே கூரையைச் சுவரோடும் தூணோடும் அழுத்தி நிறுத்தியது. மேலும், ஓட்டின் இடுக்குகள் வழியே காற்றுக் கசிவதால் அழுத்தமும் ஓரளவு தணிந்தது. தகடு, அதைத் தாங்கும் பர்லின், டிரஸ் ஆகிய மூன்றும் சேர்ந்த புதிய கூரையோ சதுர அடிக்கு 2 கிலோ அளவே இருக்கும். காற்றுப் புகவும் அதில் இடுக்கில்லை.

காற்றின் வலிமை என்ன? மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நம் பகுதிக்குள் புகுகிறது. பல்லடம், உடுமலை வட்டாரங்களில் காற்றாலைகள் நிறைந்திருப்பதற்கு அதுவே காரணம். சித்திரை, வைகாசியில் இடிமழையோடு வரும் சூறைக்காற்று இன்னும் கொடியது. வாழை பயிரிடுவோர் அதனை நன்கறிவர். இந்தியத் தர நிர்ணய விதிநூல், கட்டடக் கணக்கிற்குக் கோவைக்குரிய அடிப்படைக் காற்று வேகத்தை நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர் என்று வகுத்துள்ளது. அன்றாடம் இவ்வேகம் வீசுவதில்லை. கட்டடத்தின் ஆயுளில் என்றேனும் ஒருமுறை வரக்கூடிய வீச்சு இது. இவ்வேகம் தரும் அழுத்தம் சதுர அடிக்கு சுமார் 8.5 கிலோ.

இந்த அழுத்தம் கூரையைக் கீழே அமுக்குவதைவிட மேலே தூக்குவதே பெரும்பான்மை. கூரையின் மேல் வழுக்கிச் செல்லும் காற்று அதை உறிஞ்சுகிறது. திறந்த பக்கமாக உள்ளே புகுந்த காற்று அடியிலிருந்து உந்துகிறது. மேற்கே திறந்து மற்ற மூன்று புறமும் அடைத்த கொட்டகைக்கு இவ்விரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்துவிடும். ஆகையால் நம் பகுதியில் வாயிலைக் கிழக்கே வைப்பதும், மேற்குப்புறத்தை அடைப்பதும் நலம்.

ஒரு தூணுக்குரிய கணக்கு

20 அடி அகலமுள்ள கொட்டகையில் 12 அடிக்கு ஒரு டிரஸ் நிறுத்துவதாகக் கொள்வோம். ஒரு டிரஸ் 240 சதுர அடியைத் தாங்குகிறது. ஒரு தூணின் பங்கு 120 சதுர அடி. தூக்கும் விசை 8.5 கிலோவிலிருந்து கூரையின் சொந்த எடை 2 கிலோவைக் கழித்தால் மிச்சம் 6.5. எனவே ஒவ்வொரு தூணையும் 780 கிலோ விசை மேல்நோக்கிப் பிடுங்கும். ஒரு கன அடி கான்கிரீட் 68 கிலோ. 2 அடிக்கு 2 அடி அகலத்தில் 3 அடி ஆழக் குழி வெட்டி நிரப்பினால் 12 கன அடி, 816 கிலோ. அப்போதுதான் தூண் நிலைத்து நிற்கும். ஓரடிக் குழியில் கல்லும் மண்ணும் போட்டு இடித்த தூண் இதற்கு எம்மாத்திரம்? இது வழிகாட்டும் கணக்கேயன்றி வரைபடமாகாது. அகலமும் உயரமும் மண்ணும் மாறினால் கணக்கும் மாறும். கரிசல் மண் காய்ந்தால் வெடித்துத் தூணை விட்டு விலகும் என்பதையும் நினைவிற் கொள்க.

சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும்

தகடு பர்லினையும், பர்லின் டிரஸ்ஸையும், டிரஸ் தூணையும், தூண் அடித்தளத்தையும் விடாது பற்றியிருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் மற்றவை வீண். கூரையின் ஓரங்களிலும் முகட்டிலும் உறிஞ்சும் விசை மிகுதியாதலால் அங்கே திருகாணிகளை நெருக்கமாக இட வேண்டும். பழைய கல்தூணின் மேல் டிரஸ்ஸை வைத்துக் கம்பியால் கட்டுவது சில இடங்களில் வழக்கமாயுள்ளது. கல் பளுவைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அந்தக் கட்டை நம்புதல் கூடாது.

டிரஸ்ஸின் அடியில் குறுக்கே செல்லும் உறுப்பிலும் கவனம் வேண்டும். கூரைப் பளு கீழே அழுத்தும்போது அது இழுபடுகிறது. அதற்கு மெல்லிய கம்பியே போதும் எனப் பட்டறையில் சிக்கனம் செய்வதுண்டு. காற்றுத் தூக்கும்போதோ விசை தலைகீழாகி, அவ்வுறுப்பு நெருக்கப்படுகிறது. மெல்லிய கம்பி உடனே வளைந்துவிடும். ஆதலின் அங்கும் ஆங்கிளோ குழாயோ இட்டு, ஒரு டிரஸ்ஸை அடுத்ததோடு இணைக்க வேண்டும். முதல் இடைவெளியிலும் கடைசி இடைவெளியிலும் பெருக்கல் குறி போன்ற குறுக்குக் கட்டுகள் இல்லையேல், டிரஸ்கள் சீட்டுக்கட்டுப் போல் ஒன்றன்மேல் ஒன்று சாயும். தறிக்கூடத்தில் மின்விசிறி, கப்பி முதலியவற்றைத் தொங்கவிடுவோர் உறுப்புகள் சந்திக்கும் இடங்களில் மட்டும் தொங்கவிடுக; நடுவில் தொங்கவிட்டால் வளையும்.

மாட்டுக் கொட்டகையில் கோமியமும் சாணமும் தூணின் அடியை அரிக்கும். தரைக்கு மேல் ஓரடி உயரம் கான்கிரீட் மேடை எழுப்பி, அதன்மேல் தூணை நிறுத்துவது நன்று. வெல்டிங் செய்த இடங்களைத் தேய்த்துத் துரு நீக்கிய பின்னரே வர்ணம் பூச வேண்டும். தகட்டின் வெப்பம் கறவையின் பாலைக் குறைக்கும். கூரையை உயர்த்தி, முகட்டில் காற்றுப்போக்கி வைத்து, மேலே வெள்ளை பூசினால் வெப்பம் தணியும்.

சங்கம் செய்யக்கூடியது

தனியொருவர் பொறியாளரை அணுகி வரைபடம் பெறுவது செலவாகத் தோன்றலாம். ஒரே அளவுக் கொட்டகை கட்ட விரும்பும் பத்து அங்கத்தினர் கூடினால் அச்செலவு பத்திலொன்றாகும். இரும்பு டிரஸ் கட்டடங்களுக்கான மாதிரி வடிவமைப்புக் கையேட்டை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1987-இல் வெளியிட்டுள்ளது. பொறியாளருக்கு அது துணை செய்யும். இரும்பையும் தகட்டையும் ஒன்றாய்க் கொள்முதல் செய்தால் விலையிலும் நயம் கிடைக்கும்.

எல்லாவற்றினும் முக்கியமானது, மேற்பார்வை. கூரையின் பளபளப்பு எவர் கண்ணிலும் படும். மண்ணுள் மறைந்த அடித்தளம் எவர் கண்ணிலும் படாது. ஆகவே குழியின் ஆழத்தையும் அடிப்போல்ட்டுகளையும் சங்கத்தின் சார்பில் ஒருவர் அளந்து பார்த்த பின்னரே கான்கிரீட் இட வேண்டும் என்றும், அதன் பின்னரே கடனின் அடுத்த தவணையை வழங்க வேண்டும் என்றும் ஒரு விதி செய்துகொள்வோமாக. ஆடியில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. கடன் வாங்கிக் கட்டிய கூரை பறந்துபோனால் கடன் மட்டுமே மிஞ்சும்; கீழே நிற்கும் ஆளும் மாடும் தப்புவது அருமை. கூரை ஏற்றுவதற்கு முன் குழியைப் பார்ப்போம்.