தாய்வீட்டுத் திருநாள்

மட்டக்களப்புப் பக்கம் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்த ஆண்பிள்ளை மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். சைவர், கத்தோலிக்கர், முஸ்லிம்கள் என்ற பேதமில்லாமல் வாவியின் இரு கரையிலும் பெரும்பாலும் இதுவே வழக்கம். நாலு ஆண்பிள்ளைகளைப் பெற்ற தாயும் கடைசியில் மகளோடும் மருமகனோடும்தான் இருப்பாள். மகன்மாரில் ஒருவன் வாழைச்சேனையில், ஒருவன் புளியந்தீவில், இன்னொருவன் தெற்கே சொறிக்கல்முனையில் என்று ஆளுக்கொரு திக்கில் இருப்பார்கள். நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் அவரவர் தங்கள் வீட்டில். எல்லோரும் பிள்ளைகுட்டிகளோடு பெற்றவளின் வாசலுக்குத் திரும்பி வருவது ஊர்க் கோயிலின் பாதுகாவலர் திருநாளன்றுதான். அன்றைக்குச் சோறு போடுகிறவள் தாய். அந்தப் பந்திக்கு இருந்த மரியாதை அதனால் வந்தது.

எங்கள் தாய்வீட்டு ஊருக்குப் பாதுகாவலர் புனித அந்தோனியார். திருநாள் ஜூன் 13. கச்சான் காற்று அனலாக வீசும் காலம். எழுபதுகளின் தொடக்கத்தில், கொடி ஏறிய அன்றே வீட்டில் வேலை தொடங்கிவிடும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அம்மாவின் தாய், எங்கள் பெத்தா, அரிசியை ஊறப்போட்டு இடித்து அரியதரத்துக்கு மாப் பதம் பார்ப்பா. பெரியம்மா கொக்கீஸ் அச்சைத் தேடி எடுத்து எண்ணெய் தடவி வைப்பா. வாவிக்கு அப்பால் படுவான்கரை மாட்டுப் பட்டியில் இருந்து எருமைத் தயிர்ச் சட்டிகள் உறியில் தொங்கி வரும். சட்டியைக் கவிழ்த்துப் பிடித்தாலும் தயிர் விழக்கூடாது. விழுந்தால் அந்தப் பட்டிக்காரருக்கு அடுத்த வருடம் சொல்லி அனுப்ப மாட்டோம்.

நண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். முதல்நாள் மாலை ஆராதனை முடிந்ததும் மாமாமார் தோணி தள்ளிக்கொண்டு வாவிக்குள் போவார்கள். நிலவு காலத்தில் நண்டு சதை வற்றிக் கிடக்கும் என்பது பெத்தாவின் திடமான நம்பிக்கை. திருநாள் பறுவத்தை ஒட்டி வந்தால் ஒரு கிழமைக்கு முன்பே கவலைப்படத் தொடங்குவா. விடியப்புறம் ஈரச்சாக்கில் உயிரோடு வந்திறங்கும் நண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, கனமில்லாதவற்றைச் சொதிக்கு ஒதுக்குவா. கனமானவை கறிக்கு. அரிசியையும் தேங்காய்ப்பூவையும் பொன்னிறத்துக்கு வறுத்து, மிளகும் சீரகமும் சேர்த்து அம்மியில் அரைத்த கூட்டு அது. முருங்கை இலையைக் கடைசியில்தான் போடுவா. அதற்கு முன் போட்டால் கசந்துவிடும் என்று மருமக்களைக் கிட்ட அண்டவிடமாட்டா. மண்சட்டி இறங்கும் நேரமும் திருப்பலி முடிந்து மணி அடிக்கும் நேரமும் எப்படியோ ஒத்துப்போகும்.

பந்தியில் எங்கள் சொந்தக்காரர் மட்டும் இருந்ததில்லை. பக்கத்து வளவுச் சைவக் குடும்பம் வரும். திருநாள் செவ்வாயிலோ வெள்ளியிலோ வந்தால் அவர்கள் மச்சம் தொடமாட்டார்கள். அதற்கென்று புதுச்சட்டி வாங்கி, வேறு அடுப்பில் அவர்களுக்கு முதலில் சமைத்து வைத்துவிட்டுத்தான் மீன் அரிவார்கள். ஏறாவூரில் இருந்து நெல் வியாபாரம் செய்த காக்கா ஒருவர் விடியற்காலையிலேயே சைக்கிளில் வந்துவிடுவார். ஆட்டை அவர்தான் தங்கள் முறைப்படி அறுத்துத் தருவார். அப்படியானால்தான் அவரும் அவர் வீட்டாரும் சாப்பிடலாம். அந்த ஆட்டைத்தான் நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம். எங்களுக்கு வேறு ஆடு இருந்ததில்லை. பெருநாளன்று அவர் வீட்டில் இருந்து வட்டிலப்பம் வரும். ‘வாங்கோ’ என்று அழைக்க யாரும் போகவேண்டியிருக்கவில்லை. கொடி ஏறியது தெரிந்தால் போதும்.

இது வீட்டுத் திருநாள். காட்டுத் திருநாள் ஒன்றும் எங்களுக்கு உண்டு. செப்டெம்பரில் ஆயித்தியமலை சதா சகாய மாதாவிடம் போவது. வலையிறவுப் பாலத்தைக் கடந்து, வவுணதீவு தாண்டி, இருபது கிலோமீற்றருக்கும் மேல். நடக்கக்கூடியவர்கள் செபமாலை சொல்லிக்கொண்டு நடக்க, கிழவர்களும் குழந்தைகளும் சட்டி பானைகளும் மாட்டு வண்டியில். உன்னிச்சைக் குளத்து நீரில் விளைந்த சிறுபோக நெல் அறுவடையாகும் பருவம் என்பதால் வழியில் போடியார் வீடுகளில் புது அரிசி கொடுப்பார்கள். மரத்தடியில் மூன்று கல் வைத்து, சுள்ளி பொறுக்கி, பத்துக் குடும்பம் பக்கம் பக்கமாகச் சமைக்கும்போது யாருடைய கறி யாருடைய சோற்றில் விழுகிறது என்று கணக்கே இராது. பனம்பழம் விழும் காலமாகவும் இருப்பதால் பனங்காய்ப் பணியாரம் இல்லாத குடும்பம் அங்கே இல்லை.

1978 நவம்பர் 23 இரவு வந்த சூறாவளி மட்டக்களப்பின் தென்னைகளைச் சரித்துப் போட்டது. அடுத்த திருநாளுக்குப் பால் பிழியத் தேங்காயைக் காசு கொடுத்து வாங்கினோம். பெத்தாவுக்கு அது தாங்கமுடியாத அவமானம். ஆனால் விருந்தாளிகள் குறையவில்லை. மரம் விழுந்ததால் எந்தப் பந்தியும் கலையவில்லை.

பந்தியைக் கலைத்தது 1990. ஓகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த கிழமையே ஏறாவூரில் முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். அன்றுதான் புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்க யேசுசபைக் குரு யூஜின் ஹேபர்ட் வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், கூட வந்த தமிழ் இளைஞரோடு காணாமல் போனார். செப்டெம்பர் 5 வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதிமுகாமில் இருந்து தமிழர் கூட்டமாகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 9 சத்துருக்கொண்டான் படுகொலை. வேறு வருடமாக இருந்தால் அந்தக் கிழமைகளில் நாங்கள் ஆயித்தியமலைக்கு வண்டி கட்டிக்கொண்டிருப்போம். அதற்குப் பிறகு வந்த ஜூன் 13இல் ஏறாவூர்க் காக்கா வரவில்லை. வரமுடியாது என்று எங்களுக்கும் தெரியும். ஆட்டை நாங்களே அறுத்தோம். அன்று யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அது சரியான மௌனம் என்று எனக்கு இன்றுவரை படவில்லை. யாராவது ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்திருக்க வேண்டும். பயம் பெரியதுதான், ஆனாலும்.

பின்னர் வாவியே எல்லையானது. பட்டணம் இராணுவத்திடம், படுவான்கரை புலிகளிடம். வவுணதீவுச் சோதனைச்சாவடியில் கட்டுச்சோற்றை அவிழ்த்துக் காட்டித்தான் மாதாவிடம் போகலாம், அதுவும் பாதை திறந்த வருடங்களில். 2007 மார்ச்சில் சண்டை மூண்டு படுவான்கரை மக்கள் பெருங்கூட்டமாக இடம்பெயர்ந்தபோது, முன்பு புது அரிசி கொடுத்த வீட்டார் இங்கே பாடசாலைக் கொட்டில்களில் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றார்கள்.

பட்டணக் கோயில்களுக்கும் நிம்மதி இருக்கவில்லை. 2004இல் நத்தாருக்கு மறுநாள் ஞாயிறு காலை கடல் வந்து, டச்பார்ப் பறங்கியர் குடியிருப்பை நத்தார்ப் பலகாரத்தோடு அள்ளிக்கொண்டு போனது. அடுத்த வருட நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், மரியன்னை பேராலயத்துக்கு உள்ளேயே, பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பல குழந்தைகள் இறந்தார்கள். அந்த வருடத் திருநாள்களில் கோயில் வாசலில் பைகளைத் திறந்து சோதித்தார்கள். முஸ்லிம் கடைக்குப் போகாதே என்ற பேச்சும் ஊருக்குள் சில மாதம் ஓடியது.

இப்போது எங்கள் ஊரில் திருநாளன்று வீட்டில் அடுப்பு எரிவது குறைவு. திருப்பலி முடிய, கோயில் வளவில் தகரப் பந்தலின் கீழ் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு. பங்குப் பேரவையும் இளைஞர்களும் வாடகைக் கிடாரங்களில் சமைப்பிக்கிறார்கள். லஞ்ச் சீற் விரித்த தட்டில் சோறு, கோழிக்கறி, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பப்படம். நவநாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பம் பொறுப்பு. கனடாவில், சுவிசில், லண்டனில் இருந்து பணம் வருகிறது. பெயர்களைத் திருப்பலியில் வாசிக்கிறார்கள். அங்கே இருப்பவர்கள் தூக்கத்தை விட்டு பேஸ்புக் நேரலையில் பவனியைப் பார்க்கிறார்கள். சொரூபம் தங்கள் ஒழுங்கையால் போகும்போது படமெடுக்கும் பொடியனுக்கு ‘வீட்டுப் பக்கம் திருப்புங்க தம்பி’ என்று எழுதுகிறார்கள். என் மாமாவின் மகன் ஒருவன் அப்படித்தான் தன் தாய்வீட்டு மதிலைப் பார்த்துவிட்டு அழுதானாம். மகன்மார் சிதறும் வழக்கம் அப்படியே இருக்கிறது. வாழைச்சேனையும் சொறிக்கல்முனையும்தான் ஸ்காபரோவும் பேர்ணுமாக மாறியிருக்கின்றன.

பழையதை மட்டும் புகழ எனக்கு மனம் வராது. என் அம்மா கலியாணம் முடித்த நாள் முதல் பெத்தா கண் மூடும்வரை ஒரு திருநாள் திருப்பலியைக்கூட முழுதாகக் கண்டதில்லை. சொரூபம் ஒழுங்கையில் திரும்பும்போது புகைக்கண்ணோடு படலைக்கு ஓடிவந்து சிலுவை போட்டுவிட்டு உள்ளே ஓடுவா. இப்போது முன்வரிசையில் இருந்து பாடுகிறா. காதில் கிடந்ததை அடகு வைத்து விருந்து கொடுத்த வீடுகளும், கொடுக்க வழியில்லாமல் அன்றைக்கு என்று படலையைச் சாத்திக்கொண்ட வீடுகளும் எங்கள் ஊரில் இருந்தன. 2022இல் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற வருடத்தில் வீட்டு விருந்தை நம்பியிருந்தால் பாதி ஊர் பட்டினி கிடந்திருக்கும். பொதுப்பந்தி அந்த வெட்கத்தைத் துடைத்திருக்கிறது.

பிலிப்பைன்ஸிலும் இதே இழுபறி உண்டு. மே 15 சான் இசிட்ரோ திருநாளுக்கு லுக்பான் ஊரில் வீட்டு முகப்பெல்லாம் நெற்கதிரும், சாயம் ஏற்றிய அரிசி அப்பளமும், காய்கறியும் தொங்கவிடுவார்கள். நாடெங்கும் ஃபியெஸ்டா நாளில் முன்பின் தெரியாதவரும் வீட்டுக்குள் போய்ச் சாப்பிடலாம். அதற்காகக் கடன்படுவது பற்றிய குறையும் அங்கே பழையது. குவைத்தில் வேலை செய்துவிட்டு வந்த எங்கள் ஊர்ப் பெண்கள், கூட வேலை செய்த பிலிப்பீனோப் பெண்களிடம் கேட்டதாகச் சொல்லும் கதைகள் எல்லாம் எங்கள் பெத்தாவின் கதைகள் போலவே இருக்கும். அங்கே இன்னும் வீட்டுக் கதவு திறக்கிறது. அதைக் கேட்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

பொதுப்பந்திக்குச் சைவ அயலார் வருகிறார்கள். முஸ்லிம் அயலார் வருவதில்லை. கோயில் ஒலிபெருக்கியில் ‘அனைவரும் வருக’ என்று சொன்னால் சொந்தம் வரும், அயல் வராது. அயலுக்கு வீட்டுக்காரரின் வாய் வேண்டும், அவரவர் முறைக்கு ஏற்ற சட்டி வேண்டும். ஆனால் உணவு மட்டும் எல்லை தாண்டிக்கொண்டே இருக்கிறது. அன்றிரவு வீட்டுக்கு வரும் சொந்தங்களுக்காக நாங்கள் புரியாணி சொல்வது ஏறாவூரில்தான். அந்தக் கையில் வரும் மணம் வேறு எந்தக் கையிலும் வராது. முன்பு காக்கா அறுத்துத் தந்து எங்களோடு இருந்து உண்டார். இப்போது கிடாரம் ஓட்டோவில் வருகிறது, காசைக் கொடுக்கிறோம், கிடாரம் திரும்பிப் போகிறது.

போன திருநாளுக்கு அக்கா, வீடு அவவின் பெயரில் என்பதால் அவவுக்குத்தான் உரிமை, புரியாணிக்காரருக்குப் போன் எடுத்தபோது விலையைப் பேசி முடித்துவிட்டு, ‘வீட்டில எத்தின பேர் தம்பி? இரவைக்கு எல்லாரும் இஞ்ச வந்து சாப்பிடுங்க, மற்றச் சாமானும் உங்கட கடையிலதான் வாங்கிறன்’ என்றா. அவர் கொஞ்சம் தயங்கி, உம்மாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். பின்னேரம் அவரே எடுத்தார். ஏழு பேர் வருகிறோம் ராத்தா, வட்டிலப்பம் நாங்கள் கொண்டுவருகிறோம், அதற்குக் காசு பேசாதீங்க என்றார். நானும் மச்சானும் மேசையை வெளியே எடுத்துப்போட்டுவிட்டு நிலத்தில் பாய் விரித்தோம், ஆட்கள் கூடிவிட்டதால்.