மாங்கா போட்டது பையனா, கேமராவா?

சென்னைத் தெருக் கிரிக்கெட்டில் ‘மாங்கா’ என்றால் எல்லோருக்கும் தெரியும். மாங்காய்க்குக் கல் விடுவது போல, கையை மடக்கிப் பந்தை எறிவது. ஒரு பவுலரைப் பார்த்து இதைச் சொல்லிவிட்டால் அவ்வளவுதான். அதற்கப்புறம் அவன் எடுக்கிற ஒவ்வொரு விக்கெட்டையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். போன டிசம்பரில் ஒரு பதிமூணு வயசுப் பையனுக்கு அந்தப் பெயர் வந்தது. வாங்கிக் கொடுத்தது நான் எடுத்த படம்.

சனிக்கிழமை சாயங்காலம் மயிலாப்பூரில் ஒரு சபாவில் கச்சேரியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். தனி ஆவர்த்தனத்துக்கு முன்னால் கேமரா ‘க்ளிக்’ என்றால் முன்வரிசை மாமா திரும்பி முறைப்பார். அதனால் சைலண்ட் ஷட்டரில் போட்டிருந்தேன். மறுநாள் காலை ஆறரைக்கு தி.நகர் சோமசுந்தரம் மைதானம். ஒரே நேரத்தில் ஏழெட்டு மேட்ச் நடக்கும், யார் அடித்த பந்து யார் காலடியில் உருளுகிறது என்றே தெரியாது. தெரிந்தவர் ஒருவர், “பையன் ஆஃப் ஸ்பின் போடறான் சார், நாலு படம் எடுத்துக் குடுங்க” என்று கேட்டிருந்தார். சைலண்ட் ஷட்டரை மாற்ற மறந்துபோய் அப்படியே எடுத்தேன்.

படங்கள் ஊசிமுனை மாதிரி ஷார்ப்பாக வந்தன. அவர்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். அரை மணி நேரத்தில் ஒருவர் பையனின் முழங்கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, “தம்பி மாங்கா போடறானே, கவனிச்சீங்களா?” என்று எழுதினார். அடுத்த ஞாயிறு பையன் பந்தையே தொடவில்லை. “எனக்கு பேட்டிங் போதும்ப்பா” என்றானாம்.

எனக்கு உறுத்தியது. நேரில் பார்த்தபோது கை நேராகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து எல்லாப் படங்களையும் ஒன்றொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே காலையில் எடுத்த இன்னொரு படத்தில் ஒருவர் ஸ்வீப் இல்லை, நேராக ஓங்கி டிரைவ் அடிக்கிறார். அவர் மட்டை வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. மரக்கட்டையும் மாங்கா போடுமா?

வரிசை வரிசையாக எழுதும் கேமரா

கேமரா ஒரு கணத்தை ‘உறைய’ வைக்கிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்கள் அப்படிச் செய்வதில்லை. சைலண்ட் ஷட்டரில் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரிசையாகப் படிக்கிறது. இதற்குப் பெயர் ரோலிங் ஷட்டர். சாதாரண ஃபுல் ஃப்ரேம் சென்சார் முழுப் படத்தையும் படித்து முடிக்க ஒரு செகண்டில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 50 மில்லி செகண்ட் வரைகூட ஆகலாம்.

நான் வைத்திருந்த ஷட்டர் வேகம் 1/2000. அது ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியாகத்தான். அதனால் எந்த வரிசையும் கலங்கவில்லை. ஆனால் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவில் நிறைய நேரம் ஓடிவிட்டது. படம் ஷார்ப்பாக இருப்பதால்தான் இந்தப் பொய்யை யாரும் சந்தேகப்படுவதில்லை. கலங்கியிருந்தால் “கேமரா சரியில்லை” என்று விட்டிருப்பார்கள்.

இப்போது பையனின் கைக்கு வருவோம். பந்தை விடும் நேரத்தில் கை தலைக்கு மேலே நிற்கிறது. படத்தின் உயரத்தில் கை கால் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை இருக்கும் வரிசையைப் படித்து, தோள் இருக்கும் வரிசைக்கு வர 12 மில்லி செகண்ட் ஆகும். முழங்கை நடுவில், 6 மில்லி செகண்டில். கை செகண்டுக்கு மூன்று சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக, 1,000 டிகிரி வேகத்தில் சுழல்கிறது என்றால், உள்ளங்கையைப் படித்து முழங்கைக்கு வருவதற்குள் கை முழுவதும் 6 டிகிரி முன்னால் போய்விடும். காகிதத்தில் இதை வரைந்து பாருங்கள். பழைய இடத்தில் உள்ளங்கை, புதிய இடத்தில் முழங்கை. இரண்டையும் சேர்த்தால் முழங்கையில் ஏறக்குறைய 12 டிகிரி மடிப்பு விழும். இரும்புக் கம்பியைச் சுழற்றினாலும் இந்த மடிப்பு விழும்.

ஐ.சி.சி. விதி அனுமதிக்கும் அளவு 15 டிகிரி. என் கேமரா ஒன்றுமில்லாத இடத்தில் 12 டிகிரியை உண்டாக்கிக் கொடுத்திருக்கிறது.

இது புது வியாதியும் இல்லை. பிரெஞ்சுக்காரர் லார்டீக் 1910-களில் எடுத்த ரேஸ் கார் படத்தில் சக்கரம் நீள்வட்டமாகச் சாய்ந்திருக்கும். அந்தக் காலத்துத் திரை ஷட்டர் மெதுவாக நகர்ந்ததன் விளைவு அது. பிற்கால மெக்கானிக்கல் ஷட்டர்களில் திரை முழுப் படத்தையும் கடக்க 4 மில்லி செகண்ட் அளவுதான். நம் கணக்கில் மடிப்பு 1 டிகிரிக்குச் சுருங்கிவிடும், கண்ணுக்கே தெரியாது. சத்தத்தை நிறுத்தியபோது அந்தப் பாதுகாப்பையும் சேர்த்து நிறுத்திவிட்டோம்.

புதுக் கேமராக்கள் என்ன செய்தன?

2017-ல் வந்த சோனி ஏ9, சென்சாருக்குப் பின்னாலேயே நினைவகத்தை அடுக்கி வைத்தது. ஸ்டாக்டு சென்சார் என்பது இதுதான். படிக்கும் நேரம் 6 மில்லி செகண்ட் அளவுக்கு இறங்கியது. 2021-ல் நிக்கான் இசட்9 இன்னும் வேகமாகப் படித்தது, மெக்கானிக்கல் ஷட்டரே வேண்டாம் என்று எடுத்துவிட்டது. 2023 நவம்பரில் அறிவித்த சோனி ஏ9 III எல்லா வரிசையையும் ஒரே கணத்தில் பதிவு செய்கிறது. அதுதான் குளோபல் ஷட்டர்.

அதை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தேன். அமெரிக்காவில் 5,999 டாலர் என்று அறிவித்த பொருள், வாங்குகிற பேச்சே இல்லை. மட்டை மட்டையாகவே இருந்தது. செகண்டுக்கு 120 படம். பட்டனை அழுத்துவதற்கு முந்தைய ஒரு செகண்ட் வரை நடந்ததையும் சேர்த்து வைக்கும் ப்ரீ-கேப்சர் வசதி உண்டு. 1986 செப்டம்பர் 22-ல் சேப்பாக்கத்தில் கிரெக் மேத்யூஸ் பந்தில் மனிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ ஆகி டெஸ்ட் ‘டை’ ஆனபோது, 36 படம் கொண்ட ஃபிலிம் ரோலை வைத்திருந்தவர்கள் எவ்வளவு பதறியிருப்பார்கள்! செகண்டுக்கு ஐந்து படம் எடுத்தால்கூட ஏழே செகண்டில் ரோல் காலி.

எல்லாம் இலவசம் இல்லை. குளோபல் ஷட்டருக்கு ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் சேமிப்பு இடம் வேண்டும், வெளிச்சத்துக்கான இடம் குறைகிறது. இதன் அடிப்படை ஐ.எஸ்.ஓ. 250-ல்தான் தொடங்குகிறது. மற்ற கேமராக்களில் பெரும்பாலும் 100 அல்லது 64. மைதானத்து மரநிழலில் நிழல் பகுதிகளைத் தூக்கிப் பார்த்தால் புள்ளிப்புள்ளியாக நாய்ஸ் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. அப்புறம் தேர்ந்தெடுக்கும் வேலை. பந்துக்கு ஒரு செகண்ட் அழுத்தினால் ஓவருக்கு 720 படம், இருபது ஓவருக்கு 14,400. இரண்டு ராத்திரி தூக்கம் போச்சு.

அப்போ பையன் சுத்தமா?

பையன் மறுபடி போடச் சம்மதித்தான். புதுக் கேமராவில் கை ஏறக்குறைய நேராக வந்தது. “பாருங்க, நிரூபணம்!” என்று குரூப்பில் போடக் கை துறுதுறுத்தது. போடவில்லை.

ஏனென்றால் முந்தைய படம் எப்படிக் குற்றத்துக்குச் சாட்சி இல்லையோ, அதே மாதிரி இந்தப் படமும் குற்றமின்மைக்குச் சாட்சி இல்லை. விதி கேட்பது ‘கை மடங்கியிருக்கிறதா’ என்று இல்லை. கை தோள் உயரத்துக்கு வந்ததிலிருந்து பந்தை விடும்வரை முழங்கை எத்தனை டிகிரி நிமிர்கிறது என்பதுதான் கேள்வி. முரளிதரனின் கை பிறவியிலேயே முழுசாக நிமிராது, எந்தக் கேமராவில் எடுத்தாலும் மடங்கித்தான் தெரியும். மடங்கிய கை மடங்கியபடியே வந்தால் அது மாங்கா இல்லை. அதோடு, ஒரு பக்கத்திலிருந்து எடுத்த படம் முப்பரிமாணக் கையைத் தட்டையாக்கிவிடுகிறது. கை கொஞ்சம் உள்ளே திரும்பினாலும் கோணம் மாறித் தெரியும்.

இதை அளக்கிற இடம் நம் ஊரிலேயே இருக்கிறது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் உள்ள ஐ.சி.சி. அங்கீகாரம் பெற்ற கூடத்துக்குத்தான் 2015-ல் சயீத் அஜ்மலும் முகமது ஹஃபீஸும் சோதனைக்கு வந்தார்கள். இப்படிப்பட்ட சோதனையில் உடம்பில் அடையாளப் புள்ளிகளை ஒட்டி, சுற்றிலும் பல கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, மூட்டின் கோணத்தை முப்பரிமாணத்தில் கணக்கிடுகிறார்கள். ஒற்றைப் படத்தை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை.

கடைசியில் குரூப்பில் போட்டது வேறு படம். எங்கள் வீட்டு சீலிங் ஃபேன், பழைய கேமராவில் சைலண்ட் ஷட்டரில் எடுத்தது. மூன்று இறக்கையும் மூன்று விதமாக வளைந்திருந்தது. கீழே எழுதினேன்: “எங்க வீட்டு ஃபேனும் மாங்கா போடுது. தப்பு கேமராவோடது, அதை மாத்த மறந்த என்னோடது. தம்பிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்.” சிவப்பு வட்டம் போட்டவர் கொஞ்ச நேரம் கழித்து, “சாரி சார், ஞாயித்துக்கிழமை அவனே முதல் ஓவர் போடட்டும்” என்று பதில் போட்டார்.

உங்களிடம் மிரர்லெஸ் இருந்தால் இன்றைக்கே ஃபேனை ஒரு படம் எடுத்துப் பாருங்கள். இறக்கை வளைந்தால், விளையாட்டுக்குப் போகும்போது மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அது காசில்லாத வைத்தியம். மாற்ற மறந்து எடுத்துவிட்டால், அந்தப் படத்தை வைத்து யாருடைய கையையும் மட்டையையும் எடை போடாதீர்கள். பையன் முதல் ஓவரில் ரெண்டு வைடு போட்டான். அந்த ஓவரை நான் படம் எடுக்கவில்லை, உட்கார்ந்து பார்த்தேன்.