தெனாலிராமனுக்கு அடுத்து என்ன?

புத்தகக் காட்சிக்குப் பிள்ளைகளோடு போய்த் திரும்பும் பெற்றோரின் பையில் பெரும்பாலும் தெனாலிராமன், பீர்பால், பஞ்சதந்திரம் இருக்கும். எல்லாம் அவர்களே சிறுவயதில் படித்தவை. கதைகளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எழுதியவர் பெயரோ ஓவியர் பெயரோ இல்லாத மலிவுப் பதிப்புகளில் பல நேரம் கதை சுருங்கி, கடைசி வரி நீதி மட்டும் மிஞ்சியிருக்கும்.

புதியவற்றைத் தேடுகிறவர்களுக்குக் கைகொடுப்பது, சாகித்திய அகாதெமி 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்திய புரஸ்கார் பட்டியல். 2020இல் விருது பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', சிறார்மீதான பாலியல் தொல்லையைப் பேசுகிறது. அப்பா அம்மாவுக்குச் சொல்ல நா எழாத விஷயத்தை ஒரு பொம்மை சொல்லிவிடுகிறது! 2023இல் விருது பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடிக்கு அழைத்துப் போகிறது.

விருது வாங்கிய புத்தகம் எல்லாப் பிள்ளைக்கும் பிடித்துவிடாது. வயதைவிட வாசிப்புப் பழக்கத்தைப் பார்ப்பது நல்லது. தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்க் கதைகளும் அப்படித்தான். ஆங்கில வழியில் ஏழாம் வகுப்பு படிக்கும் பிள்ளை தமிழில் 'நட' படியில் நிற்கலாம், அங்கிருந்தே தொடங்கலாம். துலிகா பதிப்பகத்தின் இருமொழிப் படக்கதைகள் இத்தகைய வீடுகளுக்குத் தோது.

கடையிலேயே சோதிக்கவும் வழியுண்டு. நடுப்பக்கம் ஒன்றைப் பிள்ளையே படிக்கட்டும், தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் அடுத்த ஆண்டுக்கு.

பதின்பருவத்தில்தான் உண்மையான சிக்கல். சிறார் கதைக்கும் பெரியவர் நாவலுக்கும் நடுவே தமிழில் அலமாரி கிட்டத்தட்டக் காலி. பலர் நேரே 'பொன்னியின் செல்வ'னுக்குத் தாவி, பாதியில் மூச்சு வாங்குகிறார்கள். இடையில் கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' இருக்கிறது. ஒரு வெள்ளாட்டுக்குட்டியின் வாழ்க்கையைச் சொல்லும் பெருமாள்முருகனின் 'பூனாச்சி' இருக்கிறது. ஜப்பானியப் பள்ளி ஒன்றைப் பற்றிய 'டோட்டோ-சா'னும் தமிழில் கிடைக்கிறது.

மகன் காமிக்ஸ்தான் வேண்டும் என்று நின்றால் முகம் சுளிக்க வேண்டாம். 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸை இன்றும் விடாமல் வாங்குவோரில் அன்றைய சிறுவர்கள், அதாவது இன்றைய அப்பாக்கள், நிறையப் பேர். வீட்டுக்கு வந்ததும் யார் முதலில் படிப்பது என்பதில்தான் தகராறு வரும்.