கம்ப்யூட்டர் வேலைக்கு நேர்முகத் தேர்வு: அமீர்பேட்டில் விழிப்பு தேவை

செகந்தராபாத் கிழக்கு நிலையத்தில் காலையில் ராயதுர்க்கம் மெட்ரோ ரயில் ஏறுவோரில், கையில் சான்றிதழ் உறையுடன் நம் ஊர்ப் பிள்ளைகளும் உண்டு. சிலர் அமீர்பேட்டில் இறங்கிப் பயிற்சி வகுப்புக்குப் போவார்கள். சிலர் ஹைடெக் சிட்டியில் இறங்கி நேர்முகத் தேர்வுக்குப் போவார்கள். இந்த இரண்டு நிலையங்களுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடப்பதுதான் கடினம்.

மத்திய அரசின் இ.சி.ஐ.எல். நிறுவனம் 1967-ல் இந்நகரில் தொடங்கப்பட்டது. ஆயினும் கம்ப்யூட்டர் வேலைக்கு ஹைதராபாத் பெயர் பெற்றது, 1998-ல் பிரதமர் வாஜ்பாய் சைபர் டவர்ஸ் கட்டடத்தைத் திறந்து வைத்த பிறகுதான். அதே ஆண்டில் மைக்ரோசாப்ட் வந்தது. பின்னர் கூகுள், அமேசான் முதலியவை வந்தன. அமீர்பேட்டில் மைத்ரிவனத்தைச் சுற்றிப் பயிற்சி நிலையங்கள் பெருகின.

தேர்வில் என்ன கேட்கிறார்கள்? முதலில் கம்ப்யூட்டரிலேயே ஒரு பரீட்சை. தேறினால் இரண்டு மூன்று சுற்று நேர்முகம். கடைசியில் சம்பளப் பேச்சு.

சாதாரணமாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்றைப் பார்ப்போம். ஒரு பட்டியலில் பல எண்கள் உள்ளன. எந்த இரண்டைக் கூட்டினால் 100 வரும்? ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்க்கலாம். "பட்டியலில் 10 லட்சம் எண்கள் இருந்தால்?" என்று அடுத்த கேள்வி வரும். அப்போது ஏறத்தாழ 50,000 கோடி ஜோடிகளைப் பார்க்க வேண்டும். யோசிக்கத் தெரிந்த பிள்ளை, 30-ஐக் கண்டதும் 70 முன்பே வந்ததா என்று குறிப்பில் தேடுவான். அப்படிச் செய்தால் பட்டியலை ஒரே முறை படித்தால் போதும். லெட்ஜர் பார்த்துப் பழகிய நம் குமாஸ்தாக்களுக்கு இது எளிதில் புரியும். விடையை மனப்பாடம் செய்தவன் இரண்டாவது கேள்வியில் திணறுகிறான். கேட்பவர் கவனிப்பது, பிள்ளை வாய்விட்டு யோசிக்கும் விதத்தைத்தான்.

தேர்வில் இரண்டு முறை தோற்றவுடன், "இரண்டு வருட அனுபவம் போட்டுத் தருகிறோம், பணம் மட்டும் கட்டுங்கள்" என்று ஆசை காட்டும் தரகர்கள் வருவார்கள். நகையை அடகு வைத்தாவது கட்டிவிடலாம் என்று பெற்றோருக்குத் தோன்றும். சற்றுப் பொறுங்கள்.

வேலையில் சேர்ந்த பிறகும் நிறுவனங்கள் பழைய அனுபவத்தைச் சரிபார்க்கின்றன. 2014 முதல் பி.எப். சந்தாதாரருக்கு யு.ஏ.என். எனும் ஒரே எண் உண்டு. எந்த நிறுவனம், எந்த மாதம் பணம் செலுத்தியது என்பது அதில் தெரிந்துவிடும். பொய்ச் சான்றிதழ் ஆறு மாதம் கழித்து அகப்பட்டாலும் வேலை போகும். அடுத்த இடத்திலும் கேள்வி எழும். பொய்க் கணக்கு எங்கே கொண்டுவிடும் என்பதை, 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத் தலைவரே தவற்றை ஒப்புக்கொண்டபோது இந்நகரம் கண்டது.

முறையான நிறுவனம் வேலைக்காகப் பணம் கேட்பதில்லை. அந்தத் தொகையைப் பிள்ளையின் ஆறு மாத அறை வாடகைக்குக் கொடுங்கள். தினமும் ஒரு கணக்கை யாருக்காவது விளக்கிச் சொல்லிப் பழகட்டும். கேட்க ஆள் இல்லையென்றால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நீங்களே உட்கார்ந்து கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்த பிள்ளை, ஹைடெக் சிட்டியில் இறங்கும் நாள் அதிக தூரத்தில் இல்லை.