சோலார் போட்ட வீட்டில் மீட்டர் கணக்கு இடிக்கிறதா?

பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று 2024-ல் அறிவித்த பிறகு, மாடியில் சோலார் போட்ட சகோதரர்கள் பலர். அவர்களில் சிலருக்கு ஒரு சந்தேகம்: இன்வெர்ட்டர் ஆப் 12 யூனிட் உற்பத்தி என்கிறது, ஸ்மார்ட் மீட்டரோ 7 யூனிட்தான் வெளியே போனதாகக் காட்டுகிறது. மீதி 5 எங்கே?

எங்கும் போகவில்லை. பகலில் ஓடிய ஃபிரிட்ஜும் மோட்டாரும் மின்விசிறியும் வீட்டுக்குள்ளேயே எடுத்துக்கொண்டன. மீட்டர் தெருக் கம்பிக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்கிறது. தன்னைக் கடப்பதை மட்டுமே எண்ணும். திரையில் மாறி மாறி வருவதில் இம்போர்ட் நாம் வாங்கியது, எக்ஸ்போர்ட் நாம் கொடுத்தது. இரவில் 8 யூனிட் வாங்கியிருந்தால், நெட் மீட்டரிங் முறையில் 7 கழிந்து 1 யூனிட்தான் கணக்கில் நிற்கும். பில் காலம் முழுவதற்கும் இப்படித்தான் கூட்டிக் கழிக்கிறார்கள்.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில். மீட்டரை மாற்றும் முன்பே சோலாரை ஆன் செய்துவிடாதீர்கள். சாதாரண டிஜிட்டல் மீட்டர்கள் பலவும் மின்சாரம் எந்தத் திசையில் போனாலும் செலவாகவே பதியும். நாம் கொடுத்த 7 யூனிட்டுக்கும் நம்மிடமே பணம் கேட்கும்! ஏற்கெனவே ஸ்மார்ட் மீட்டர் இருந்தாலும், இருவழிக் கணக்குக்கு அதை மாற்றிவிட்டார்களா என்று மின்வாரியத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பேனல் போடுகிறவர் அவசரப்படுத்துவார். அவருக்குப் பாக்கிப் பணம் வர வேண்டுமே.

மாற்றுகிற அன்றே இம்போர்ட், எக்ஸ்போர்ட் இரண்டு எண்களையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பில்லில் தகராறு வந்தால் காட்டுவதற்கு அதுதான் கையில் இருக்கும்.