மூக்கினுள் வளரும் சதை

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த ஊர் வாசுதேவநல்லூர். மழைநீர் தேங்கும் குளங்களும் வயல்களும் நிறைந்தது தென்காசி வட்டாரம். குளத்து நீர் பயிரை விளைவிக்கும். மக்கள் நீராடவும் கால்நடைகளைக் குளிப்பாட்டவும் உதவும். இத்துணை நன்மை செய்யும் குளத்து நீரோடு நோய் ஒன்றும் தொடர்புடையது. அது மூக்கினுள் சதை வளரும் நோயாகும். அதனை அறியுமுன், மூக்கில் பொதுவாக வளரும் சதையின் இயல்பை அறிதல் வேண்டும்.

மூக்கின் உட்புறத்தை மெல்லிய சளிச்சவ்வு போர்த்தியுள்ளது. அதன் மேற்பரப்பில் நெடிய உயிரணுக்கள் நெருங்கி நிற்கின்றன. அவற்றின் நுனியிலுள்ள நுண்மயிர்கள் இடையறாது அசைந்து, தூசி படிந்த சளியைத் தொண்டை நோக்கித் தள்ளும். இச்சவ்வு நெடுநாள் அழற்சியுறின், அதன் அடித்திசுவில் நீர் கோத்து, உரித்த திராட்சைப்பழம் போன்ற வெளிறிய சதை தொங்கும். அதனைப் பாலிப்பு என்பர்.

அச்சதையை மெல்லிய சீவலாக்கிச் சாயமூட்டி நுண்ணோக்கியில் நோக்கினால், உடலைக் காக்கும் வெள்ளணுக்கள் குருதிக்குழாயை விட்டு வெளிப்போந்து திசுவினுள் நிறைந்திருத்தல் புலனாகும். பலரிடம் இயோசின் என்னும் செஞ்சாயத்தை ஏற்கும் அணுக்கள் மிகுந்திருக்கும். இவற்றை 1879-இல் விளக்கியவர் பால் எர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞர். வேறு சிலரிடம், சீழில் காணப்படும் நியூட்ரோபில் அணுக்கள் மிகும். முன்னதற்கு ஸ்டீராய்டு மருந்து பெரும்பாலும் நற்பயன் தரும். பின்னதற்கு அத்துணைப் பயன் தராது. காக்க வந்த படையே நாட்டைப் பாழாக்குதல் போல, இவ்வணுக்கள் வெளியிடும் பொருள்களே சவ்வை மேலும் வீங்கச் செய்கின்றன.

குளத்து நீரோடு தொடர்புடைய சதையோ வேறு வகையினது. அது சிவந்திருக்கும், எளிதில் குருதி கசியும், அதன்மேல் வெண்புள்ளிகள் சிதறிக் கிடக்கும். இந்நோய்க்கு ரைனோஸ்போரிடியோசிஸ் என்று பெயர். 1900-இல் அர்ஜென்டினா நாட்டில் கில்லெர்மோ சீபர் என்பார் இதனை விளக்கினார். ஆயினும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலுமே இது மிகுதியாகக் காணப்படுகிறது. வெண்புள்ளி ஒவ்வொன்றும் தடித்த சுவருடைய ஒரு பை. முதிர்ந்த பையினுள் ஆயிரக்கணக்கான வித்துகள் அடங்கியிருக்கும். பை வெடிக்கும் இடத்தில் நியூட்ரோபில் அணுக்களும் விழுங்கணுக்களும் பிறவும் திரண்டு சூழும். இந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிரைக் காளான் என்றே நெடுங்காலம் கருதினர். 1999-இல் அதன் மரபணுவை ஆராய்ந்தோர், அது காளான் அன்று என்றும், மீன்களைப் பற்றும் நீர்வாழ் நுண்ணுயிர்களுக்கு உறவு என்றும் காட்டினர். அவ்வறிஞருள் இலங்கைப் பேராசிரியர் அர்சகுலரத்னவும் ஒருவர்.

புறத்தோற்றத்தால் மயங்கி ஒன்றை மற்றொன்றாக எண்ணலாகாது. பாலிப்புக்குரிய மூக்குத் தெளிப்பு மருந்து இந்நோயைப் போக்காது. சதையை அறுத்து, அதன் அடிப்பகுதியைச் சுட்டு நீக்குதலே மருத்துவர் கையாளும் முறை. சிறிது எஞ்சினும் அது மீண்டும் வளரக்கூடும். ஆதலின், அகற்றிய சதையை எறிந்துவிடாது நுண்ணோக்கி ஆய்வுக்கு அனுப்புவர்.

மூக்கடைப்பும் அடிக்கடி குருதிக் கசிவும் உடைய சிறுவர், நாணி அதனை மறைத்தல் தகாது. விரைந்து மருத்துவரிடம் காட்டல் வேண்டும். இந்நோய் ஒருவரைத் தொடுவதால் மற்றவர்க்குப் பரவுவதாக அறியப்படவில்லை. ஆகவே, நோயுற்ற தோழனை விலக்கி வைத்தல் அறிவும் அன்று, அறமும் அன்று. தேங்கிக் கலங்கிய நீரில் மூழ்காதிருத்தலும், ஊர்க்குளத்தைத் தூய்மையாகக் காத்தலும் அனைவர்க்கும் உரிய கடமையாகும்.