வலி இல்லாத நாளில் போவதே பல் டாக்டர் பயத்துக்கு மருந்து

பல் வலித்தால் முதலில் கிராம்பு. அது கேட்காவிட்டால் மெடிக்கலில் ஒரு வலி மாத்திரை. கன்னம் வீங்கி, இரவெல்லாம் தூக்கம் கெட்ட பிறகுதான் பல் டாக்டர். தருமபுரி மாவட்டத்தின் தீர்த்தமலை போன்ற ஊர்களில் காணும் இந்த வரிசையை அலட்சியம் என்று சொல்லிவிடுவது எளிது. பெரும்பாலும் அதற்குப் பின்னால் இருப்பது பயம். ஊசியும், பல்லைக் குடையும் மெஷினின் சத்தமும், வாயைத் திறந்தபடி அசையாமல் சாய்ந்திருக்க வேண்டிய நிலையும் எவரையும் கலங்கவைக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1969-லேயே நார்மன் கோரா என்ற அமெரிக்க உளவியலாளர் இந்தப் பயத்தை அளக்கத் தனிக் கேள்வித்தாளே உருவாக்கினார் என்றால், இது எவ்வளவு பரவலானது என்று புரிந்துகொள்ளலாம்.

பயத்தை வளர்ப்பது தாமதம்

பயத்தால் தள்ளிப்போடுகிறோம் என்பது பாதி உண்மை. தள்ளிப்போடுவதாலேயே பயம் முற்றுகிறது என்பது மறுபாதி. சொத்தை எனாமலோடு நிற்கும்வரை வலி தெரியாது. அந்தக் கட்டத்தில் பல்லை அடைக்கப் பல நேரங்களில் மரத்துப்போகும் ஊசிகூட வேண்டியிருக்காது. நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள பல்கூழை அது எட்டிவிட்டால் வேர் சிகிச்சை செய்ய வேண்டும், இல்லையேல் பல்லைப் பிடுங்க வேண்டும். சீழ் கட்டிய இடத்தில் அமிலத்தன்மை கூடுவதால் மரத்துப்போகும் மருந்து அங்கே முழுதாக வேலை செய்வதில்லை. அதனால் வீக்கத்தோடு போகிறவர் உண்மையிலேயே கூடுதல் வலியைத் தாங்குகிறார். 'பயந்தது சரிதான்' என்ற முடிவோடு வீடு திரும்பி, அடுத்த பல்லையும் முற்றவிடுகிறார். பயம், தாமதம், பெரிய சிகிச்சை, மேலும் பயம் என்ற இந்தச் சுழற்சியை 1984-ல் சுவீடன் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். 2007-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வும் அதையே காட்டியது. வலி இல்லாதபோது போனால் இந்தச் சுழற்சி அறும்.

கறையும் கூச்சமும்

தருமபுரி மாவட்டத்தில் இந்தத் தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்; வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய தண்ணீரைப் பற்கள் உருவாகும் வயதில், அதாவது சுமார் 8 வயதுக்குள், தொடர்ந்து குடித்தால் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் பல்லில் தங்கிவிடும். இதைத் தடுக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் ஏற்கெனவே படிந்த கறையை நல்ல தண்ணீர் போக்காது. 'பல்லே விளக்குவதில்லையா?' என்று டாக்டர் கேட்டுவிடுவாரோ என்ற கூச்சத்திலேயே பலர் தயங்குகிறார்கள். இந்தக் கறைக்கும் பல் விளக்காததற்கும் சம்பந்தமில்லை. கறையின் அளவைப் பொறுத்து மேற்பரப்பைத் தேய்த்தோ, வெளுக்கவைத்தோ, பல் நிறப் பூச்சால் மூடியோ சரிசெய்யலாம். பெரும்பாலும் வலி இருக்காது. ஆகவே கறையைக் காட்டப் போவதே பயமில்லாத முதல் சந்திப்பாக அமையலாம்.

சொல்லப்படும் தடைகள்

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். மேல் பற்களுக்கு வரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல்லை எடுப்பதால் பார்வை மங்குவதில்லை. பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்பதும் அப்படித்தான். ஈறைக் கெடுத்துப் பல்லைத் தளர்த்துவது பல்லில் படிந்து இறுகிய காரை. அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் சில நாள் தெரியவரும், அவ்வளவே.

ஒரு நாள் கூலியை விட்டு, பக்கத்து நகரமான அரூர் வரை போக முடியுமா என்ற கேள்வி நியாயமானது. கூலியும் பஸ் செலவும் ஏழை வீட்டுக்குச் சின்னத் தொகை இல்லை. ஆனால் சின்னச் சொத்தை பெரும்பாலும் ஒரே வருகையில் முடியும். முற்றிய பல்லுக்குப் பல நாள் அலைய வேண்டியிருக்கும். கணக்குப் பார்த்தாலும் முன்கூட்டிப் போவதே லாபம். தனியார் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் அரசு மருத்துவமனையின் பல் பிரிவை நாடலாம்.

நாற்காலியில் உட்காரும்போது

உட்கார்ந்ததும் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கையை உயர்த்தினால் நிறுத்த வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். நிறுத்தும் உரிமை நம்மிடம் இருக்கிறது என்ற நினைப்பே பதற்றத்தைக் குறைக்கும். ஊசி குத்தும் இடத்தில் முதலில் மரத்துப்போகும் ஜெல் தடவச் சொல்லிக் கேட்கலாம். டாக்டர் வேறுவிதமாகச் சொன்னாலொழிய வெறும் வயிற்றோடு போகாதீர்கள். பசியும் பயமும் சேர்ந்தால் மயக்கம் வரலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். இவற்றையும் மீறிப் பயம் அடங்காதவர்களுக்கு மனநல ஆலோசனையும் மயக்க மருந்தோடு செய்யும் சிகிச்சையும் உண்டு. ஆனால் காய்ச்சலோடு தாடை வீங்கினாலோ, விழுங்கவும் மூச்சு விடவும் சிரமமானாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. பல்லின் சீழ் கழுத்துக்குப் பரவினால் உயிருக்கே ஆபத்து.

'சேட்டை செய்தால் டாக்டர் ஊசி போடுவார்' என்று குழந்தைகளை மிரட்டுவதை இன்றே விட்டுவிடுவோம். முதல் பல் முளைத்ததும், ஒரு வயதுக்குள்ளாக, பல் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். வலியில்லாமல் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு, பின்னால் உண்மையாகவே சிகிச்சை தேவைப்படும் நாளில் அந்த நாற்காலி புதிதாக இருக்காது.